புற்றுநோயாளிகளுக்கான டிராகன் படகுக் கிளப்: பணம் திரட்டப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிராகன் படகு என்பது முரசுத் தாளத்துக்குப் பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளமான படகு. புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு டிராகன் படகுக் கிளப் தொடங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "படகு என்ன விலை?" என்பதைத்தான். அதற்கு முன்னால் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சிகிச்சையால் வேலை போய் வருமானம் குறைந்த ஒருவர், சில மாதம் கட்டணம் கட்ட முடியாமலும் சில வாரம் வர முடியாமலும் போனாலும், தன் இடத்தை இழக்காமல் கிளப்பில் நீடிக்க வேண்டும். அதற்கு வருடத்துக்கு எவ்வளவு செலவாகும்? இந்தத் தொகையைக் கணக்கிட்டு, அதற்கென்று பணம் திரட்டும் கிளப் நிலைக்கும். படகுக்கு மட்டும் பணம் திரட்டினால், படகு வந்து சேர்ந்த பிறகு காப்பீட்டுக்கும் பயிற்றுநருக்கும் பணம் இல்லாமல் திண்டாட நேரும்.

பணம் கேட்கப் போகும் முன் இந்த விளையாட்டு புற்றுநோயாளிகளிடம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். "நோயாளிகளுக்கு இது ஆபத்தில்லையா?" என்று நிதி தருபவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றிக்கொண்ட பெண்கள், கையால் கடினமான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை வீங்கிவிடும் என்றுதான் வெகுகாலம் எச்சரிக்கப்பட்டார்கள். அந்த நிணநீர் வீக்கம் ஒருமுறை வந்தால் முழுதாகப் போவது அரிது. கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி 1996இல் இந்த எச்சரிக்கையைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 24 பெண்களைப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றினார். கைக்கும் தோளுக்கும் கடும் உழைப்பு தரும், அதே அசைவு மீண்டும் மீண்டும் வரும் விளையாட்டு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். பருவம் முடிந்தபோது யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 1998இல் கனடா மருத்துவச் சங்க இதழில் அவர் இதை எழுதினார். அந்த 24 பேரின் குழு 'அப்ரெஸ்ட் இன் எ போட்' என்ற பெயரில் தொடர, அதைப் பார்த்து மற்ற நாடுகளிலும் குழுக்கள் எழுந்தன. 2010இல் சர்வதேச மார்பகப் புற்றுநோய்த் துடுப்பாளர் ஆணையம் உருவானது. அதன் உலகத் திருவிழா 2018இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸிலும், 2023இல் நியூசிலாந்தின் காரபீரோ ஏரியிலும் நடந்தது.

24 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதானே என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. அப்போது 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வைச் சொல்லுங்கள். ஏற்கெனவே நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். மேற்பார்வையோடு, தூக்கும் எடையை மெதுவாகக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. 'மேற்பார்வையோடு, மெதுவாக' என்ற இரண்டு வார்த்தைகளையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வரவுசெலவில் பயிற்றுநருக்குப் பணம் ஒதுக்கியிருப்பதற்குக் காரணமே அவைதான்.

ஒரு எச்சரிக்கை. துடுப்புப் போட்டால் புற்றுநோய் திரும்ப வராது, ஆயுள் கூடும் என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதவே கூடாது. உடற்பயிற்சி, வெளிக்காற்று, நோயைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லாத தோழமை, இவற்றைத் தருகிறோம் என்று சொன்னால் போதும். அது உண்மை. அதற்குப் பணம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஆட்கள், இரவல் படகு

பக்கத்தில் ஏற்கெனவே இயங்கும் டிராகன் படகுக் கிளப்பையோ, வேறு படகுக் கிளப்பையோ அணுகிப் படகு, சுக்கான் பிடிப்பவர், பாதுகாப்பு அங்கிகள் எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்கு வாடகைக்குக் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பலர் இலவசமாகவே தருவார்கள். 'வந்து பாருங்கள்' நாட்கள் சிலவற்றை நடத்துங்கள். புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள், நோயாளி ஆதரவுக் குழுக்கள் மூலமாகத் தகவல் போகட்டும். மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் ஏற்ற வேண்டாம். குறிப்பாக, கையில் நீண்டகாலக் குழாய் பொருத்தியிருப்பவர்களும் எலும்புக்கு நோய் பரவியவர்களும் தங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

இந்தக் கட்டத்துக்குத் தேவைப்படுவது சிறு தொகை. நண்பர்களிடமும் உள்ளூர்ச் சேவைச் சங்கங்களிடமும் திரட்டிவிடலாம். வந்தவர்களின் வருகைப் பதிவேடுதான் பின்னால் பெரிய மானியம் கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் முதல் சான்று. ஆகவே முதல் நாளிலிருந்தே பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளப் யாருக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டுமா, எல்லாப் புற்றுநோய்க்குமா, கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் இடம் உண்டா? மார்பகப் புற்றுநோய் என்று வரையறுத்தால் அதற்கென்றே இருக்கும் அறக்கட்டளைகளை அணுகலாம், அந்தப் பிரிவுப் போட்டிகளிலும் இறங்கலாம். அந்தப் படகில் யார் உட்காரலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. எல்லோருக்கும் என்று திறந்துவிட்டால் ஆண்களும் அதிகம் வரலாம், ஆள் சேர்ப்பதும் எளிது, பொதுச் சுகாதார நிதிகளும் கைகொடுக்கும். என் விருப்பம் இரண்டாவது. குடல் புற்றுநோய் வந்தவருக்கும், நோயாளியின் கணவருக்கும் அந்தத் தோழமை தேவைப்படத்தான் செய்கிறது.

பதிவும் வங்கிக் கணக்கும்

உங்கள் நாட்டுச் சட்டப்படி லாப நோக்கில்லாத சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்யுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவர், எழுத்தில் ஒரு விதிமுறை, கிளப் பெயரில் வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. இவை இல்லாமல் எந்த நிதி அமைப்பும் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது. பொருளாளருக்கு ஒரு துணைப் பொருளாளரும் வேண்டும். உங்கள் நிர்வாகிகளும் நோயாளிகளாக இருப்பார்கள். ஒருவருக்குத் திடீரென்று சிகிச்சை தொடங்கினால் கணக்கு நின்றுவிடக் கூடாது.

செலவைக் கணக்கிடுவது

வழக்கமான டிராகன் படகில் 20 துடுப்பாளர்கள், ஒரு முரசு அடிப்பவர், ஒரு சுக்கான் பிடிப்பவர் என 22 பேர். நீளம் ஏறக்குறைய 12.5 மீட்டர், எடை சுமார் 250 கிலோ. 10 பேர் துடுப்புப் போடும் சிறிய படகும் உண்டு. அளவு தெரிந்தால் செலவும் புரியும். இவ்வளவு நீளமான பொருளை வீட்டு வாசலில் வைக்க முடியாது. கொட்டகை அல்லது படகுத்துறையில் இடம், இழுத்துச் செல்ல டிரெய்லர், அதை இழுக்க வண்டி, இறக்கி ஏற்ற ஆள் என்று அது ஒவ்வொன்றாக வளரும்.

தாளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பக்கம் ஒரேயொரு முறை வரும் செலவு: படகு, டிரெய்லர், துடுப்புகள், பாதுகாப்பு அங்கிகள், முரசு, முதலுதவிப் பெட்டி. மறு பக்கம் வருடா வருடம் வரும் செலவு:

- காப்பீடு, தேசிய டிராகன் படகுச் சம்மேளனத்தின் இணைப்புக் கட்டணம்
- படகை வைக்கும் இடத்துக்கு வாடகை
- பயிற்றுநர் ஊதியம், சுக்கான் பிடிப்பவர்களுக்கும் முதலுதவியாளர்களுக்கும் பயிற்சி
- பாதுகாப்புப் படகுக்கு எரிபொருள்
- பழுதுபார்ப்பு
- வர வசதியில்லாத உறுப்பினர்களுக்குப் பயணப் படி
- புதிய படகுக்கும் அங்கிகளுக்குமான தேய்மான ஒதுக்கீடு

கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்பு அங்கிகள் காலப்போக்கில் மிதக்கும் திறனை இழக்கும், மாற்றியே ஆக வேண்டும். வருடந்தோறும் கொஞ்சம் எடுத்து வைக்காவிட்டால் அந்தச் செலவு ஒரே வருடத்தில் மொத்தமாக வந்து விழும். பயணப் படி இல்லையென்றால், கட்டணமே இல்லை என்று சொன்னாலும் வசதி குறைந்தவர்கள் படகுத்துறைக்கு வந்து சேர மாட்டார்கள்.

அங்கி வாங்கும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரே அளவில் மொத்தமாக வாங்க வேண்டாம். மார்பு அறுவைச் சிகிச்சைத் தழும்பு, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்த, மருந்து ஏற்றும் கீமோ போர்ட், இவற்றின் மேல் பட்டை உரசினால் ஒருவர் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார். பட்டைகளை நன்றாகத் தளர்த்தி இறுக்கக்கூடிய அங்கிகள் பல அளவுகளில் வேண்டும். துடுப்பும் அப்படித்தான். போட்டி விதிப்படி நீளம் 105 முதல் 130 செ.மீ. வரை இருக்கலாம். கார்பன் துடுப்பு மிக இலேசு, விலை அதிகம். பெரும்பாலும் மரத்தில் வாங்கி, தோள் பலவீனமானவர்களுக்கென்று சில கார்பன் துடுப்புகள் வைத்துக்கொண்டால் போதும். முரசும் டிராகன் தலையும் வாலும் பயிற்சிக்குத் தேவையில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆள் கணக்கு. 20 இருக்கை இருக்கிறது, 20 உறுப்பினர் போதும் என்று கணக்குப் போட்டால் படகு பல நாட்கள் கரையிலேயே நிற்கும். ஒருவருக்குப் பரிசோதனை நாள், இன்னொருவருக்குக் கீமோ முடிந்த களைப்பு, வேறொருவருக்குப் பிள்ளையின் பரீட்சை. இருபதை நிரப்ப முப்பத்தைந்து, நாற்பது பேராவது பட்டியலில் வேண்டும். தொடர்ந்து வருபவர்கள் அவ்வளவு சேரவில்லையென்றால் பத்துப் பேர் படகே நல்லது. செலவும் குறையும், பாதி காலியாக இருக்கும் படகைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம்.

உறுப்பினர் கட்டணம்

கட்டணம் இருக்கட்டும், ஆனால் அது நடப்புச் செலவில் பாதிக்கு மேல் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழுக் கட்டணம், பாதிக் கட்டணம், கட்டணம் இல்லை என்று மூன்று படி வைத்து, எந்தப் படி என்பதை உறுப்பினரே தேர்ந்தெடுக்க விடுங்கள். சான்று கேட்க வேண்டாம். யார் எவ்வளவு கட்டுகிறார் என்பது பொருளாளரைத் தாண்டிப் போகக் கூடாது. பருவம் முழுவதற்கும் முன்பணம் வாங்கும் முறை நோயாளிகளுக்கு ஒத்துவராது. மாதாமாதம் வாங்குங்கள், சிகிச்சைக் காலத்தில் தானாகவே நிறுத்திவையுங்கள். அந்த மாதங்களிலும் அவர் பெயர் பட்டியலிலும் குழுச் செய்திகளிலும் இருக்க வேண்டும். இதனால் வரும் இழப்பை 'இருக்கை நிதி' என்ற பெயரில் தனி வரியாக வரவுசெலவில் காட்டுங்கள். தனிநபர் நன்கொடையாளர்களுக்கு இது உடனே புரியும். ஒருவரின் ஒரு வருட இடத்தை நான் ஏற்கிறேன் என்று பலர் முன்வருவார்கள்.

பணம் எங்கிருந்து வரும்

பொருளாகக் கிடைப்பதை முதலில் கேளுங்கள். கணக்காளர் ஒருவர் தணிக்கையை இலவசமாகச் செய்து தரலாம், இயன்முறை மருத்துவர் மாதம் ஒரு மணி நேரம் தரலாம், படகுத்துறை நிர்வாகம் கொட்டகை வாடகையைக் குறைக்கலாம். இவற்றுக்குச் சந்தை மதிப்புப் போட்டு எழுதி வையுங்கள். 'நீங்கள் பாதி, நாங்கள் பாதி' என்று சொல்லும் நிதி அமைப்புகளில் சில இதையும் தன்னார்வ உழைப்பையும் உங்கள் பங்காக ஏற்றுக்கொள்ளும்.

டிராகன் படகுக்கென்றே உள்ள நல்ல வருமான வழி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இருபது பேர், ஒரே தாளத்தில், யாருக்கும் முன் அனுபவம் தேவையில்லை. அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் ஓட்டிவிடலாம். ஊழியர்களுக்குக் குழு நாள் நடத்த இடம் தேடும் நிறுவனங்களுக்கு இது அப்படியே பொருந்தும். கட்டணம் வாங்கி அவர்களுக்கு ஒரு காலைப்பொழுது நடத்துங்கள். சுக்கானும் முரசும் உங்கள் உறுப்பினர்கள் கையில். இந்த வருமானத்துக்கு நிபந்தனை கிடையாது, காப்பீட்டுக்கோ பழுதுக்கோ எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் தன் நோய்க் கதையைச் சொல்லிப் பணம் கேட்க வேண்டியதும் இல்லை. எனக்கு இந்த வழி பிடித்திருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். வெளியாட்களை ஏற்றுவதற்குக் காப்பீடு இடம் தருகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். உறுப்பினர்களின் பயிற்சி நேரத்தை மட்டும் இதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை வாங்கித் துடுப்புப் போடும் நாள், உள்ளூர்ப் பந்தயம், விற்பனை மேசை எல்லாம் வழக்கமானவைதான். வருடத்துக்கு ஒன்று போதும். அதற்கு மேல் போனால் களைத்த உடம்போடு இருப்பவர்களிடம் இன்னும் வேலை வாங்குவதாகிவிடும்.

மானிய விண்ணப்பம்

சுகாதாரம், விளையாட்டு, பெண்கள் நலம், முதியோர் நலம், சமூக மேம்பாடு என்று ஐந்து கதவுகளையும் தட்டலாம். ஒரே கிளப்பைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் விளையாட்டு நிதிக்கு இதுவரை எந்த விளையாட்டிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது முக்கியம். சுகாதார நிதிக்கு சிகிச்சை முடிந்து மருத்துவமனை கைவிட்டதுபோல் உணரும் காலத்தில் நீங்கள் என்ன தருகிறீர்கள் என்பது முக்கியம்.

"கொடிய நோயால் வாடும் பெண்களுக்கு உங்கள் கருணை வேண்டும்" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், 30 பேருக்கு, பயிற்சி பெற்ற பயிற்றுநரின் மேற்பார்வையில் படகுப் பயிற்சி. ஓர் ஆண்டுப் பயிற்றுநர் ஊதியமும் காப்பீடும் கேட்கிறோம். படகும் இடமும் எங்களிடம் ஏற்கெனவே உள்ளன." படிப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் உறுப்பினர் ஒருவர் அதைப் படித்தாலும் தலைகுனிய மாட்டார்.

விண்ணப்பிக்கும் முன் அந்த அமைப்பின் அலுவலரிடம் பேசிவிடுங்கள். நடப்புச் செலவுக்குத் தருவார்களா, பொருள் வாங்க மட்டுமா என்று அந்த ஒரு அழைப்பில் தெரிந்துவிடும். பொருளுக்கு மட்டும் என்றால், படகின் விலையோடு முதல் மூன்று வருடக் காப்பீட்டையும் வைப்பிட வாடகையையும் சேர்த்துக் கேட்க முடியுமா என்று கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள். இரண்டு மூன்று விலைப்புள்ளிகளைத் தயாராக வையுங்கள். ஒப்புதல் கடிதம் வரும் முன் எதையும் வாங்கிவிடாதீர்கள், ஏற்கெனவே செய்த செலவுக்குப் பெரும்பாலான மானியங்கள் பணம் தராது.

பலன் என்ன என்பதைக் காட்ட, பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் பெயர் குறிப்பிடாத சிறு கேள்வித்தாள் கொடுங்கள். களைப்பு எப்படி, தூக்கம் எப்படி, தோள் எவ்வளவு உயர்கிறது, தனிமை உணர்வு எப்படி என்பதைப் போன்ற நாலைந்து கேள்விகள் போதும்.

ஸ்பான்சர்களும் அந்தரங்கமும்

யாரிடம் பணம் வாங்க மாட்டோம் என்பதை, யாரும் தர வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். புகையிலையும் மதுவும் புற்றுநோய்க்குக் காரணமானவை என்பதால் அங்கே விவாதமே இல்லை. மருந்து நிறுவனங்கள் விஷயத்தில் கிளப் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். படகில் பெயர் போட இடம் கொடுத்தால் எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சிறிய தொகைக்கு ஆயுள் முழுக்கப் பெயரைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஸ்பான்சருக்குக் கொடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

புகைப்படம் இன்னும் நுட்பமான விஷயம். கிளப்பின் சட்டையோடு படத்தில் இருந்தாலே அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிடும். வேலையிடத்தில் சொல்லாதவர்கள் இருப்பார்கள், வயதான பெற்றோரிடம் மறைத்திருப்பவர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் எழுத்தில் சம்மதம் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்றும் இருக்க வேண்டும். படம் வேண்டாம் என்பவரை அதற்காகப் படகிலிருந்து இறக்கி நிறுத்தக் கூடாது. தூரத்திலிருந்தோ முதுகுப் பக்கமிருந்தோ எடுத்த படம் ஸ்பான்சருக்குப் போதாதென்றால் அந்த ஸ்பான்சர் வேண்டாம்.

வெளிநாட்டுத் திருவிழாவுக்குப் போகும் ஆசை இயல்பானது. அந்தப் பயணத்துக்குத் தனிக் கணக்கு வைத்துத் தனியாகத் திரட்டுங்கள். போக உடம்பு இடம் தராதவர்களின் இருக்கை நிதியிலிருந்து அதற்குப் பணம் போகக் கூடாது.

இந்தக் கிளப்களில் மரணமும் வரும். படகுகளை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தி, போனவர்களை நினைத்து நீரில் மலர் விடும் வழக்கம் இந்தக் குழுக்களிடையே உண்டு. அந்த நேரத்தில் பதாகை, உண்டியல் எதுவும் வேண்டாம். குடும்பத்தினர் நினைவாக நன்கொடை தர விரும்பினால் வாங்குங்கள். எதற்குச் செலவழிக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். செலவழித்த பிறகு ஒரு கடிதம் எழுதித் தெரிவியுங்கள். நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள்.

சொந்தப் படகு எப்போது?

ஒரு முழுப் பருவம் இரவல் படகில் நடத்தி முடித்து, ஒரு வருட நடப்புச் செலவு வங்கியில் இருந்து, வைக்க இடமும் எழுத்தில் உறுதியானபின். பழைய படகு கிடைத்தால் தயங்க வேண்டாம். அடிப்பகுதியை அழுத்திப் பார்த்து எங்காவது மெத்தென்று அமுங்குகிறதா, இருக்கைகள் பக்கச்சுவரோடு சேரும் இடங்களில் விரிசல் உண்டா என்று அனுபவமுள்ளவரை வைத்துச் சோதித்து வாங்குங்கள்.

பணம் வந்த பிறகு

மானியத்துக்குத் தனி ஏடு போட்டு, ஒவ்வொரு ரசீதையும் அதே வாரத்தில் பதிவு செய்யுங்கள். கேட்ட தேதிக்கு முன்பே அறிக்கை அனுப்புங்கள். வந்தவர்கள் குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். இத்தனை பேர் சிகிச்சைக்குத் திரும்பினார்கள், அவர்கள் இடத்தை வைத்திருக்கிறோம் என்று பெயர் சொல்லாமல் விளக்கினால் புரிந்துகொள்வார்கள். பணம் மிச்சமானால் நீங்களாக வேறு செலவுக்கு மாற்றாதீர்கள். ஒரு கடிதம் எழுதி, மிச்சத்தை இருக்கை நிதியில் சேர்க்க அனுமதி கேளுங்கள்.